நடுவர் இல்லாத மன்றம்: பொதுத் தத்துவ உரையாடலுக்கு ஓர் அறிமுகம்

'தத்துவ உரையாடல், அனைவரும் வருக' என்று அறிவித்தால், சிங்கப்பூரில் இரண்டு வகைத் தமிழர்கள் தவறான எதிர்பார்ப்போடு வந்து உட்காருவார்கள். ஒரு சாரார் ஆன்மிகச் சொற்பொழிவு என்று நினைப்பார்கள். மற்றவர்கள் காலையில் வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளின் நீட்சி என்று நினைப்பார்கள். இரண்டு பொருளும் அந்தச் சொல்லோடு நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடத்தை மெய்யியல் என்கிறார்கள். குழப்பம் குறைவுதான், ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்து இங்கே எத்தனை பேர் வருவார்கள் என்பது வேறு கதை. அதனால் அறிவிப்பில் துறையின் பெயரைச் சிறிதாகவும் அன்றைய கேள்வியைப் பெரிதாகவும் போடுவது நல்லது. 'உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்துவிட்டால் அந்த மேசை நம்முடையதா?' என்று போட்டுப் பாருங்கள். வருபவர்களுக்கு எதற்கு வருகிறோம் என்று தெரிந்திருக்கும்.

பொதுத் தத்துவ உரையாடல் என்பது இதுதான்: தத்துவம் படிக்காத பதினைந்து பேர் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தாங்கள் நம்புவதற்கான காரணங்களைச் சொல்லி, அந்தக் காரணங்கள் தாங்குமா என்று ஒன்றரை மணி நேரம் சேர்ந்து சோதிக்கிறார்கள். தத்துவம் படித்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் அல்லது முதுநிலை மாணவர், வழிநடத்துகிறார். பதில் சொல்வது அவர் வேலை இல்லை. யார் சொன்ன காரணம் எதைத் தாங்கி நிற்கிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று காட்டிக்கொண்டே போவதுதான் அவர் வேலை.

தமிழ்க் கூட்டத்தில் இதை நடத்துபவர் முதலில் சமாளிக்க வேண்டியது பட்டிமன்றப் பழக்கத்தை. நமக்கு அது இரத்தத்தில் ஊறியது. இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் ஒரு தீர்ப்பு, நடுவே சிரிப்பு. அதில் தவறில்லை, அது வேறு கலை. அங்கே ஒருவர் தன் அணியின் கருத்தைக் கடைசிவரை விடாமல் காக்க வேண்டும். பாதியில் 'எதிரணி சொல்வது சரி' என்றால் ஆட்டம் கலைந்துவிடும். இங்கேயோ அப்படி மனம் மாறுவதுதான் நடக்கக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பட்டிமண்டபம் என்ற சொல்லே தத்துவ விவாதத்துக்காக எழுந்த மேடையைக் குறித்தது. மணிமேகலையின் விழாவறை காதையில் புகார் நகரத்து விழாவுக்கு முரசு அறைபவன், 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான்: சமயக் கருத்துகளை வாதிடுபவர்களே, முறையறிந்து மேடை ஏறுங்கள். அடுத்த வரியிலேயே, பகைவரானாலும் அவர்களோடு 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்று விதியும் சொல்லிவிடுகிறான். பாங்கறிந்து ஏறுவது, கலகம் செய்யாமல் விலகுவது: வழிநடத்துபவருக்கு வேண்டிய விதிகளில் பாதி இங்கேயே வந்துவிட்டது.

இன்று உலகில் புழங்கும் வடிவங்கள் பல. 1992இல் பாரிஸின் பஸ்தீய் சதுக்கத்தில் உள்ள கஃபே தெ ஃபார் என்ற காப்பிக்கடையில் மார்க் சொத்தே தொடங்கிய 'தத்துவக் காப்பிக்கடை' அதிகம் பரவியது. ஞாயிறு காலையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், தலைப்பும் வந்தவர்களிடமிருந்தே வரும். உயிர்ப்பானது, ஆனால் சிதறிப்போகும் ஆபத்து அதிகம். ஜெர்மானியத் தத்துவவாதி லியோனார்ட் நெல்சன் 1922இல் ஓர் உரையில் முன்வைத்த சாக்ரடீசு முறை நேர் எதிர். வந்தவர்களில் ஒருவருக்கு உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, எல்லாரும் ஒப்பும் வரை ஒவ்வொரு படியாக நகரும். அந்த முறையில் முழுதாக நடத்தினால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். அமெரிக்காவில் மேத்யூ லிப்மன் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது மூன்றாவது. 1974இல் மான்ட்கிளேர் கல்லூரியில் அதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார். ஒரு சிறு கதையைச் சேர்ந்து வாசித்து, பிள்ளைகளே கேள்வி எழுப்பி, எதைப் பேசலாம் என்று வாக்களிப்பார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் கூட்டத்துக்கு லிப்மன் தொடக்கமும் நெல்சன் நடுப்பகுதியும் கலந்த வடிவம் பொருந்தும். காப்பிக்கடை வடிவம் புதியவர்களிடம் பத்து நிமிடத்தில் பட்டிமன்றமாகிவிடுகிறது.

கேள்விதான் முக்கால் வேலை

கூட்டம் சொதப்பினால் பழி வழிநடத்துபவர் மேல் விழும். உண்மையில் பெரும்பாலும் கேள்விதான் குற்றவாளி.

'மகிழ்ச்சி என்றால் என்ன?' அகலம் அதிகம். பதினைந்து பேரும் பதினைந்து திசையில் போவார்கள். 'சிங்கப்பூரில் தமிழ் வாழுமா?' இது வருங்காலத்தைக் கணிக்கும் கேள்வி. மக்கள்தொகைக் கணக்கும் பள்ளி விவரங்களும் தெரிந்தவர் பேச வேண்டியது, மற்றவர்கள் ஆதங்கப்பட மட்டுமே முடியும். அதையே இப்படித் திருப்புங்கள்: 'பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராமல் போனால், அந்தப் பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்தவர்களா?' இப்போது எந்தப் புள்ளிவிவரமும் விடை தராது. ஒருவருக்குக் கிடைக்காமலே போனதை 'இழப்பு' என்று சொல்லலாமா, கேட்காத பரிசைக் கொடுக்காமல் விட்டது அநியாயமாகுமா, அநியாயம் அந்தப் பிள்ளைக்கா மொழிக்கா என்று கேள்வி உள்ளே போகத் தொடங்கும்.

ஆக, நல்ல கேள்வியைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். கைப்பேசியில் தேடி முடித்துவிட முடியாது. நியாயமான இருவர் நேர்மையாகவே மாறுபடுவார்கள். பேச எந்தப் புத்தகமும் படித்திருக்க வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கத் தூண்டும் ஒரு சொல் அதில் ஒளிந்திருக்கும். மேலே உள்ளதில் 'அநியாயம்', டிஷ்யூ பாக்கெட்டில் 'நம்முடையது'.

முதல் கூட்டத்துக்கு டிஷ்யூ பாக்கெட்டைவிடச் சிறந்த பொருள் இந்த ஊரில் கிடைக்காது. யாருக்கும் கோபம் வராது, எல்லாருக்கும் அனுபவம் உண்டு. ஆனாலும் அடியில் ஆழம் இருக்கிறது. முதலில் வந்தவருக்கே உரிமை என்றால், வந்தது ஆளா பாக்கெட்டா? ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், பொதுவில் கிடப்பதில் ஒருவர் தன் உழைப்பைக் கலந்தால் அது அவருடையதாகிறது என்று 1689இல் வெளிவந்த நூலில் எழுதினார். பாக்கெட் வைப்பதில் என்ன உழைப்பு? அதோடு லாக் ஒரு நிபந்தனையும் வைத்தார்: மற்றவர்களுக்கும் அதே தரத்தில் போதுமான அளவு மிச்சம் இருக்க வேண்டும். மதியம் 12.30க்கு எந்த உணவங்காடியில் மிச்சம் இருக்கிறது? இல்லை, இது உரிமையே அல்ல, எல்லாரும் கடைப்பிடிப்பதால் மட்டும் செல்லுபடியாகும் வழக்கம் என்று ஒருவர் சொன்னால், அவர் தன்னையறியாமல், சொத்துரிமையே அப்படிப்பட்ட வழக்கம்தான் என்ற தத்துவவாதி டேவிட் ஹியூம் பக்கம் போய்விட்டார். இந்தப் பெயர்களை வழிநடத்துபவர் அந்த இடத்தில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். கருத்து கூட்டத்திலிருந்து வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொன்னால் அது வகுப்பறையாகிவிடும்.

சட்டங்களிலும் நல்ல கேள்விகள் கிடைக்கும். 1995இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத 60 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். பெற்றோருக்கு நாம் செய்வது கடனா, அன்பா. கடன் என்றால் அது என்றாவது தீருமா? 1987இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர் ஒப்புக்கொண்டவராகவே கருதப்படுகிறார். பேசாமல் இருப்பது சம்மதமாகுமா?

ஒரு கேள்வி எப்படி நகர்கிறது

இதோ ஒரு மாதிரி. கேள்வி: 'அம்மாவுக்குப் புற்றுநோய். பிள்ளைகள் அதை அவரிடமிருந்து மறைக்கலாமா?'

முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் ஒரு தாளில் தம் விடையை ஒரே வரியில் எழுதட்டும். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். எழுதாமல் தொடங்கினால் முதலில் பேசுபவரின் கருத்தையே மற்றவர்கள் சுற்றிவருவார்கள். பிறகு ஒருவர் சொல்கிறார்: 'சொன்னால் அம்மா உடைந்துபோவார், அதனால் மறைக்கலாம்.' வழிநடத்துபவர் அதை வெண்பலகையில் எழுதி 1 என்று எண் போடுகிறார்.

இங்கே முதல் வேலை, சொல்லாமல் விட்ட முன்கூற்றை வெளியே எடுப்பது. 'உடைந்துபோவார்' என்பதிலிருந்து 'மறைக்கலாம்' என்பதற்குத் தாவ நடுவில் ஒரு பலகை வேண்டும்: மனம் உடையச் செய்யும் செய்தியை மறைக்கலாம். அதையும் எழுதி 2 என்று எண் போட வேண்டும். இப்போது கூட்டத்திடம் கேளுங்கள்: 2 எப்போது பொருந்தாது? யாராவது சொல்வார்: 'அம்மாவின் தம்பி இறந்துவிட்டால் அதையும் மறைப்போமா?' இது எதிர்க்காட்டு. உடனே இன்னொருவர், 'அறுவை சிகிச்சை முடியும்வரை மறைப்போம்' என்பார். அவர் எதிர்க்காட்டை மறுப்பதாக நினைக்கிறார், ஆனால் புதிதாக ஒரு வேறுபாட்டைக் கொண்டுவந்துவிட்டார்: தள்ளிப்போடுவது வேறு, என்றைக்குமே சொல்லாதிருப்பது வேறு. எண் 3.

அடுத்து வழக்கமாக வருவது, சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா என்பது. அம்மா கேட்கவே இல்லை என்றால் சரி. 'எனக்கு என்னடா வியாதி?' என்று நேருக்கு நேர் கேட்டால்? இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் குறளை எடுப்பார்: 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' கைதட்டல் கிடைக்கும், பேச்சும் அதோடு நின்றுவிடும். நிற்க விடக் கூடாது. வள்ளுவர் சொல்லிவிட்டார் என்பது தத்துவ உரையாடலில் ஒரு காரணம் ஆகாது. வள்ளுவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதுதான் காரணம். குறளையும் ஓர் எண் கொடுத்துப் பலகையில் போட்டுவிட்டு, 'புரைதீர்ந்த' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். குற்றமற்ற நன்மை என்று தீர்மானிப்பது யார், பிள்ளைகளா அம்மாவா? ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவல் கான்ட் 1797இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் வந்து உங்கள் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார். குறளும் கான்ட்டும் எதிரெதிராக நிற்பதைப் பலகையில் பார்க்கும்போது, மேற்கோள் விவாதத்தை முடிக்கும் முத்திரையாக இல்லாமல் அதைத் தொடங்கும் பொருளாகிவிடுகிறது. தமிழ்க் கூட்டங்களுக்கு இருக்கும் பெரிய வசதி இது. எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரு நூல் இருப்பது வேறு பல கூட்டங்களுக்கு வாய்க்காது.

நாற்பது நிமிடம் கழித்துப் பலகையில் 'மறைக்கலாம், கூடாது' என்ற இரண்டு அணி இருக்காது. உடம்பைப் பற்றிய செய்தி யாருக்குச் சொந்தம், அன்பு ஒருவருக்காக முடிவெடுக்கும் உரிமையைத் தருமா, அம்மா முன்பே 'எனக்கு எதுவும் சொல்லாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் என்ன என்று மூன்று நான்கு சின்னக் கேள்விகள் இருக்கும். கூட்டம் நன்றாக நடந்ததற்கு அதுவே அடையாளம்.

இந்தக் கேள்விக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: வந்தவர்களில் யாருக்காவது அது வீட்டில் நடந்துகொண்டிருக்கலாம். அதனால் கேள்வியை முன்பே அறிவிக்க வேண்டும், வெளியே எழுந்துபோகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் இதை எடுக்கக் கூடாது.

எங்கே கெட்டுப்போகிறது

வயது மரியாதை. பதினேழு வயது தொடக்கக்கல்லூரி மாணவி, அறுபத்தைந்து வயது ஐயாவை நேராக மறுக்க மாட்டாள். சில தொடக்கக்கல்லூரிகளில் 'நாலெட்ஜ் அண்ட் இன்குவைரி' என்று, அறிவு எப்படி உருவாகிறது என்பதை ஆராயும் ஒரு பாடமே உண்டு. அதைப் படித்த பிள்ளைக்கு அந்த அறையிலேயே மிகக் கூர்மையான மறுப்பு தெரிந்திருக்கும், வாய் திறக்காது. பலகை எண்கள் இதற்குத்தான் உதவுகின்றன. 'ஐயா சொன்னது தவறு' என்பது கடினம். 'மூன்றாம் எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது' என்பது எளிது. எழுதப்பட்ட கருத்து சொன்னவரிடமிருந்து பிரிந்துவிடுகிறது. கருத்துக்குப் பக்கத்தில் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், பிரித்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

மொழி இன்னொன்று. இளையவர்கள் பாதி ஆங்கிலத்தில் பேசுவார்கள், அதைத் திருத்த ஒருவர் எழுந்திருப்பார். திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த கூட்டத்துக்கு வராது. ஆங்கிலத்திலேயே சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும், 'இதைத்தானே சொன்னாய்?' என்று கேட்கட்டும். இப்படித் திருப்பிச் சொல்லும்போது மறைந்திருக்கும் குழப்பங்கள் வெளியே வருகின்றன. 'ரைட்' என்ற ஒரே சொல் சரியா, உரிமையா என்று தமிழில் பிரித்தே ஆக வேண்டும். பல நேரம் அந்த இடத்திலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

'அவரவர் பார்வையில் அவரவர் சரி' என்று ஒருவர் சமாதானக் கொடி காட்டுவார். பணிவாகத் தோன்றும், ஆனால் உரையாடலைக் கொன்றுவிடும். 'அப்படியானால் மறைக்கக் கூடாது என்பவரும் மறைக்கலாம் என்பவரும் ஒரே நேரத்தில் சரியா? அம்மாவிடம் எதைச் செய்வது?' என்று மெல்லக் கேட்டால் போதும்.

சொந்தக் கதை நீளும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, 'இந்த அனுபவம் எந்த எண்ணுக்குத் துணை, எதற்கு எதிர்?' என்று கேளுங்கள். கதை சாட்சியாகிவிடும், சொன்னவருக்கும் மதிப்புக் குறையாது.

வழிநடத்துபவரே கெடுப்பதும் உண்டு. பேராசிரியருக்கு விடை தெரிந்த இடம் வந்தால் கை அரிக்கும். பதினைந்து நிமிட விரிவுரை நடந்துவிடும், பிறகு எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். இன்னொரு பிழை, மௌனத்தைத் தாங்க முடியாமை. கேள்வி கேட்டபின் பத்து நொடி அமைதி நீண்ட நேரமாகத் தோன்றும். மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். ஏழில் யாராவது பேசிவிடுவார்.

இடம், நேரம், பல்கலைக்கழகம்

பதினைந்து பேர் என்பதற்குக் கணக்கு உண்டு. 90 நிமிடத்தில் தொடக்கம், எழுதுதல், முடிப்பு என்று 30 போனால் மிச்சம் 60. தலைக்கு நான்கு நிமிடம். நாற்பது பேர் வந்தால் தலைக்கு ஒன்றரை நிமிடம். அதில் யாரும் எதையும் சோதிக்க முடியாது. இருபதைத் தாண்டினால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள், இரண்டாவது வட்டத்துக்கு இன்னொரு வழிநடத்துபவர் வேண்டும். நாற்காலிகள் வட்டமாக, மேடை இல்லாமல், ஒலிவாங்கி இல்லாமல். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் தமிழர் குரல் மாறிவிடும், 'அவையோருக்கு வணக்கம்' என்று தொடங்கிவிடுவார். பலகை எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஒருவர் வழிநடத்த, இன்னொருவர் பலகையில் எழுத, மூன்றாமவர் நேரம் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒருவரே செய்தால் மூன்றும் கெடும். வடையும் தேநீரும் கடைசியில். நடுவில் வைத்தால் கூட்டம் திரும்பச் சேராது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் தத்துவம் கற்பிக்கிறார்கள். அங்கிருந்து ஆளைக் கூப்பிடுவது, கூட்டத்தை அங்கே கொண்டுபோவதைவிட எளிது. யீஷூனிலிருந்தோ பாசிர் ரிஸிலிருந்தோ வேலை முடிந்து, தேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். நூலக அறை, சமூக மன்ற அறை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கீழ்த்தளம் எல்லாம் ஏற்றவை. கீழ்த்தளத்தில் மழைச் சத்தமும் சைக்கிளும் போட்டிக்கு வரும். கட்டுமானத் துறையில் வேலை செய்யும் தமிழ் ஊழியர்களும் வர வேண்டும் என்று நினைத்தால் ஞாயிறு பிற்பகல் வையுங்கள். வார நாள் மாலையை அறிவித்துவிட்டு 'அனைவரும் வருக' என்பதில் பொருளில்லை.

பல்கலைக்கழக நாள்காட்டியைப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். யுனெஸ்கோவின் உலகத் தத்துவ நாள் நவம்பர் மாத மூன்றாம் வியாழன். அது இங்கே முதல் பருவத்தின் முடிவை ஒட்டி வருகிறது, ஆசிரியர்களும் மாணவர்களும் தேர்வு நெருக்கடியில் இருப்பார்கள். தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலின் பின்பாதியும் அப்படியே, அறைகளும் கிடைக்காது. செப்டம்பர், பிப்ரவரி தோதானவை. ஆறு வாரம் முன்னதாக எழுதுங்கள். 'வந்து உரையாற்ற வேண்டும்' என்று எழுதினால் உரையோடுதான் வருவார். 'கேள்வி கேட்டு வழிநடத்த வேண்டும், உரை வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பயன் உண்டு: கேள்வியை முன்பே அவரோடு ஒரு மணி நேரம் அலசி, வரக்கூடிய திருப்பங்களைக் குறித்துக்கொண்டு, தமிழ் தெரிந்த ஒருவர் நடத்தலாம்.

அனுமதியைப் பற்றியும் முன்பே விசாரிக்க வேண்டும். பொருள் சமயத்தையோ இன உறவையோ தொட்டாலோ, பேசுபவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இல்லாவிட்டாலோ, உள்ளரங்கக் கூட்டத்துக்கும் காவல்துறை அனுமதி தேவைப்படலாம். நம் கூட்டங்களில் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் நிறைய, ஆகவே இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இடம் தரும் நிறுவனத்திடம் கேள்வியையும் வழிநடத்துபவர் பெயரையும் எழுத்தில் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கும் ஊர் இது. 'கடவுள் உண்டா?' என்ற தலைப்போடு முதல் கூட்டத்தைத் தொடங்க ஆசைப்படுபவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தில் தொடக்கத்தில் எழுதிய தாளை எடுத்து, அதே கேள்விக்கு மறுபடி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். விடை மாறியிருக்க வேண்டியதில்லை. 'ஏனென்றால்' என்பதற்குப் பின்னால் வருவது மாறியிருக்கிறதா என்று அவரவரே பார்த்துக்கொள்ளட்டும், சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம். பலகையைத் துடைக்கும் முன் படமெடுத்து, இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் அனுப்புங்கள்: கேள்வி, எண் போட்ட கருத்துகள், தீராமல் நின்றவை. அடுத்த கூட்டத்தின் கேள்வியைத் தீராமல் நின்றவற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.